ஊர்க் கபடிக்கு ஊர் வாத்தியார்

தேன்கனிக்கோட்டையிலும், அதைச் சூழ்ந்த தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பிரதேசங்களிலும் கபடிக் குழு என்றால், ஒரு கிராமத்து இளைஞர்கள் பதினைந்து இருபது பேர் தமக்குள் பணம் போட்டுப் பனியன் அடித்துக்கொண்டு, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நடைபெறும் போட்டிகளில் இறங்குவதற்காகச் சேர்ந்த சேர்க்கையே தவிர, அலுவலகமும் சம்பளப் பட்டியலும் கொண்ட ஸ்தாபனம் அல்ல. 2014-ஆம் ஆண்டில் புரோ கபடி லீக் தொடங்கி, தொலைக்காட்சி வாயிலாக இவ்விளையாட்டு வீடுதோறும் புகுந்த பிறகு, இத்தகைய எளிய குழுக்களுக்கும் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: சிரமப்பட்டுச் சேர்த்த சொற்பத் தொகையைக் கொடுத்து, பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெயர் பெற்ற பயிற்சியாளர் ஒருவரை வரவழைப்பதா, அல்லது ஊரிலேயே ஆடி ஓய்ந்த ஒருவரைப் பயிற்சியாளராக உருவாக்குவதா?

வெளியூர்க்காரரை அழைக்க வேண்டும் என்பவர்களின் பக்கம் நியாயம் இல்லாமற் போகவில்லை. தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் லீக்கில் சேர்ந்தபோது அதற்குப் பயிற்சியாளராக அமர்ந்த கே. பாஸ்கரன் தமிழ்நாட்டவர், லீக்கின் முதற் பருவத்திலேயே ஜெய்ப்பூர் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்த கீர்த்தி உடையவர். அப்படியிருந்தும் தலைவாஸ் அவ்வாண்டு தன் பிரிவில் கடைசி இடத்தையே அடைந்தது. 2022-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவே ஹரியானாவைச் சேர்ந்த அஷன் குமார் பொறுப்பேற்ற பின்னரே அந்த அணி முதன்முறையாக அரையிறுதியைக் கண்டது. இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம், 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம் வென்றிருந்த இந்தியப் பெண்கள் அணியை, ஈரான் 27-24 என்ற கணக்கில் இறுதிப் போட்டியில் வீழ்த்தியது. அந்த ஈரானியப் பெண்களைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். அந்நிய மண்ணில் சென்று தன் வித்தையை முழுமனத்தோடு கற்பித்த அந்த அம்மையாரை நினைக்கும்போது, வெளியார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒதுக்குவது அறிவீனம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் லீக் அணிக்கும் தேசிய அணிக்கும் பொருந்துவது, தேன்கனிக்கோட்டைக் குழுவுக்குப் பொருந்துவதில்லை. லீக் அணி, வேண்டிய ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்து, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கவைத்து, காலையும் மாலையும் பயிற்சி கொடுக்கிறது. நம் பையன்களில் பலரோ ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள்; இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வருகிற கோச்சின் முன்னால், ஆட வேண்டிய ஏழு பேரும் ஒருசேர நிற்பதே அபூர்வம்.

கார்னரில் நிற்பவன் கணுக்காலைப் பிடிக்கும் வித்தை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாடி வருகிறவன் தன் உடற்பாரத்தை ஒரு காலில் ஊன்றும் அந்தக் கணத்தில் குனிந்து, இரு கைகளாலும் கணுக்காலைப் பற்றவேண்டும். ஒரு கணம் முந்தினால் அவன் காலை இழுத்துக்கொள்வான். ஒரு கணம் பிந்தினால் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவான். பற்றிய மறுகணமே, அடுத்து நிற்கும் கவர் ஆட்டக்காரன் பாய்ந்து மறிக்காவிட்டால் பிடி நழுவிப்போகும். இதை விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் போதும். இருவர் உடம்பிலும் ஒரே லயமாக ஊறச்செய்வதற்கு மாதங்கள் வேண்டும். ஒருமுறை முழங்கால் பட்டு வாயில் ரத்தம் வந்த பையன் அடுத்த மாதம் முழுவதும் அந்தப் பிடிக்குத் துணியமாட்டான் என்பதையும், அவனை எந்தச் சொல்லால் தைரியப்படுத்தலாம் என்பதையும், அவனோடு தினமும் பழகுகிறவரே அறிவார். வீட்டில் தெலுங்கும், பள்ளியில் தமிழும், சந்தையில் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகள் நிறைந்த இந்த எல்லைப் பிரதேசத்தில், அந்த ஒரு சொல் எந்தப் பாஷையில் இருக்கவேண்டும் என்பதும் சிறிய விஷயம் அல்ல.

வெளியார் ஒருவரால் விளையக்கூடிய உண்மையான நன்மை என்ன என்பதற்கு, நம் மாகாணத்திலேயே நூறாண்டுக்கு முந்தைய சரித்திரம் ஒன்று இருக்கிறது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டே, ஒய்.எம்.சி.ஏ.வின் ஆதரவில், தேகப்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி ஒன்றை நிறுவினார். ஆசியாவிலேயே அத்துறையில் முன்னோடியாக விளங்கிய அந்தப் பள்ளிதான், இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராக இருந்த அவர், விரும்பியிருந்தால் கெட்டிக்கார ஓட்டக்காரர் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் குருவாக இருந்து புகழ் அடைந்திருக்கலாம். அவரோ, தம்மைப் போல் கற்பிக்கக்கூடியவர்களைக் கற்பிப்பதிலேயே சிரத்தை வைத்தார். 1943-இல் அவர் காலமானபோது அந்தப் பள்ளி அவரோடு போய்விடவில்லை. அங்கே படித்தவர்கள் பள்ளிக்கூடந்தோறும் டிரில் மாஸ்டர்களாகி, விசிலும் கையுமாக அடுத்த தலைமுறையை மைதானத்தில் இறக்கினார்கள்.

நம் காலத்து ஐஸ்லாந்தும் இதையே செய்தது. அப்போது மூன்றரை லட்சம் மக்கள்கூட இல்லாதிருந்த அந்தத் தீவு, 2011-இல் ஸ்வீடனிலிருந்து லார்ஸ் லாகர்பேக் என்பவரைக் கால்பந்துப் பயிற்சியாளராக அழைத்தபோது, உள்ளூர்ப் பல் மருத்துவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சனை அவருக்குத் துணையாக அமர்த்தியது. 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை வென்ற பின் ஸ்வீடன்காரர் விடைபெற்றுக்கொண்டார். 2018-இல் அந்நாட்டை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு இட்டுச் சென்றவர் அந்தப் பல் மருத்துவர்.

ஆகையால், என் அபிப்பிராயத்தில், வெளியூர்ப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம், அவர் போன பிறகு ஊரில் ஒரு பயிற்சியாளரை மிச்சம் வைத்தால் மட்டுமே நல்ல செலவு. கோப்பை ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தால் வீண் செலவு. அவரை அழைக்கும்போதே, ஊர்க்காரர் இருவர் பயிற்சி முழுவதிலும் அவருடன் நிற்கவேண்டும் என்று பேசி முடித்துக்கொள்ளவேண்டும். அவ்விருவரில் தகுதியுள்ளவரைப் பாட்டியாலாவில் 1961-இல் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்பலாம். அந்தச் செலவுக்கும், படிக்கும் நாட்களில் அவர் இழக்கும் கூலிக்கும் வழி இல்லாமல் இல்லை: 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உடைய நிறுவனங்கள், தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிடவேண்டும் என்கிறது, அதன் ஏழாவது அட்டவணை கிராமிய விளையாட்டுப் பயிற்சியையும் அந்தச் செலவினங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஓசூரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள ஆலைகளின் நிர்வாகிகள், பனியனில் தங்கள் பெயரை அச்சிட்டுக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஓர் ஊர் வாத்தியாரையாவது படிக்கவைக்க முன்வர வேண்டும். குழுக்களும் கூச்சத்தை விட்டு, இந்த வருஷமே மனு எழுதிக்கொண்டு போய்க் கேட்கவேண்டும்.