புகைக்கு ஒரு வாயில்

தீ சுடும் என்பதனைக் குழந்தையும் அறியும். ஆயினும், கட்டடங்கள் தீப்பற்றும்பொழுது மாள்வோருள் பெரும்பாலோர் தீயாற் சுடப்பட்டு மாள்வதில்லை, புகையாலேயே மாள்கின்றனர். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கலந்துள்ளது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியிற் பிராணவாயுவுக்குரிய இடத்தைத் தான் கவர்ந்துகொள்ளும்.

வெப்பமுற்ற புகை குளிர்ந்த காற்றினும் இலேசானது. ஆதலின் மேல்நோக்கி எழும். கூரையை முட்டியதும் பக்கங்களிற் பரவும். வெளியேற வழியின்றேல் மெல்லமெல்லக் கீழிறங்கி, நிற்போர் முகத்தை மூடும். பழைய சமையலறைகளிற் கூரையருகே புகைபோக்கி அமைத்த கொத்தனார் இவ்வுண்மையை நூல் கல்லாமலே அறிந்திருந்தனர். பெருங்கட்டடங்களுக்கும் வேண்டுவது அதுவே. உச்சியிற் புகை வெளியேற ஒரு வாயில் வேண்டும். அடியில் தூய காற்று உட்புக மற்றொரு வாயில் வேண்டும்.

மேல்வாயில் அடைபட்டால் நேர்வது யாது? அமெரிக்காவில், சிகாகோ நகரத்து இரோகுவா நாடக அரங்கில் நேர்ந்ததைக் கேண்மின். 1903-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட அவ்வரங்கினைத் தீப்பற்றாத அரங்கம் என்றே விளம்பரம் செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிற்பகல், விடுமுறைக்கால நாடகத்தைக் காணத் தாய்மாரும் சிறுவரும் திரளாகக் கூடியிருந்தனர். மேடை மின்விளக்கொன்றின் பொறி திரைச்சீலையிற் பற்றியது. மேடைக்கு மேலே கூரையிற் புகைத்திறப்புகள் இல்லாமல் இல்லை; அவை திறவாதவாறு அடைக்கப்பட்டிருந்தன! மேடையையும் அவையையும் பிரிக்க இறக்கிய தீத்தடுப்புத் திரையோ நடுவழியிற் சிக்கி நின்றது. நடிகர்கள் உயிர்தப்பும் பொருட்டு மேடையின் பின்கதவைத் திறந்தனர்; பனிக்காலத்துக் குளிர்காற்று விரைந்து உட்புகுந்தது. கீழே வாயில் திறந்தது. மேலே வாயில் இல்லை. ஆகவே, புகையும் அனலும் திரையின் அடியில் நுழைந்து அவையோர்மீது பாய்ந்தன. மேல்மாடங்களில் இருந்தோரே மிகுதியாக மடிந்தனர். மாண்டோர் தொகை 602.

விளம்பரம் ஒருவகையில் மெய்யே. சுவர்கள் வீழ்ந்தில, பின்னர் அக்கட்டடத்தைச் செப்பனிட்டு, வேறு பெயரில் நாடகமும் நடத்தினர். தீப்பற்றாத அரங்கம் என்றவர்கள் சுவரை எண்ணினரேயன்றி, உள்ளிருப்போரை எண்ணிலர்.

இக்காலத்துப் புகைத்திறப்புகள் பல, ஆள் உதவியின்றித் தாமே திறப்பன. ஏறத்தாழ 70 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும் உலோகத்துண்டு ஒன்று மூடியைப் பிடித்திருக்கும். அஃது உருகியதும் மூடி திறந்துகொள்ளும். உயர்ந்த மாளிகைகளிலோ, மக்கள் இறங்கும் படிக்கட்டினுள் விசிறியால் தூய காற்றை அழுத்திச் செலுத்துவர். அவ்வழுத்தம் புகையை உள்ளே வரவொட்டாது தடுக்கும். படிக்கட்டின் கதவு மூடியிருக்கும்வரையே அது நிலைக்கும். போக்குவரவு எளிதாகும் என்று அக்கதவைக் கல்லால் முட்டுக்கொடுத்துத் திறந்துவைப்பாரும் உளர். அங்கே காற்று வீணே வெளியேற, புகை படிக்கட்டினுட் புகும்.