கிட்டாரும் பக்கத்து வீட்டாரும்

வீணையும் வயலினும் ஒலித்துவந்த நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இன்று மின்கிட்டாரும் ஒலிக்கத் தொடங்கியிருக்கின்றது. வயலினை வாங்கித் தந்து ஆசிரியரையும் அமர்த்திவிட்டால் பெற்றோர் கடமை ஒருவாறு நிறைவேறிவிடும். மின்கிட்டாரோ அவ்வாறன்று. வீணைக்கு உள்ளது போன்ற குடம் அதற்கு இல்லை. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரப்பலகையே. கம்பிகளின் அடியிலுள்ள காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் அவற்றின் அதிர்வை மெல்லிய மின்னோட்டமாக மாற்றுகின்றன. அம்மின்னோட்டத்தைப் பெருக்கி, ஸ்பீக்கர் வழியே நம் செவிக்கு எட்டச் செய்வது ஆம்ப்ளிபயர் எனும் பெட்டி. ஆகவே கருவியில் பாதி அப்பெட்டியே எனலாம். அதைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த பிழையை நம் அன்பர்கள் செய்யாதிருக்கவே இதனை எழுதுகிறேன்.

செம்பூரில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்டது எங்கள் வீடு. மகனுக்குக் கிட்டார் வாங்கியபோது, “பின்னால் மேடையில் வாசிக்கவும் உதவும்” என்று கடைக்காரர் சொன்ன சொல்லை நம்பி, 50 வாட் ஆற்றலும் 12 அங்குல ஸ்பீக்கரும் உடைய ஆம்ப்ளிபயரையும் வாங்கிவந்தேன். குமிழைச் சிறிது திருப்பினால் கொசுவின் ரீங்காரம் போல ஓர் ஓசை. மயிரிழை கூடுதலாகத் திருப்பினாலோ சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன! மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு மராட்டிய மூதாட்டி வந்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. நோயுற்ற தம் கணவர் உறங்கும் வேளையை மட்டும் சொல்லிச் சென்றார். அன்றுமுதல் பையன் அப்பெட்டியைத் தொடவே அஞ்சினான். இரண்டு திங்களில் கிட்டார் பீரோவின் மேல் ஏறிவிட்டது. அவனுக்கு ஊக்கம் குன்றிவிட்டதென்று நான் சலித்துக்கொண்டேன். குற்றம் அவனுடையதன்று, நான் வாங்கிய பெட்டியினுடையது என்பதை உணரச் சில காலம் ஆயிற்று.

வாட் கணக்கு நம்மை எளிதில் ஏமாற்றும். ஆற்றல் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் அளவே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். அஃதாவது, 50 வாட்டை விட்டு 5 வாட்டுக்கு வந்தாலும் முழு ஒலியில் பாதிதான் குறைந்ததாகத் தோன்றும். பெண்டர் நிறுவனத்தார் 1940களின் இறுதியில் பயில்வோருக்கென வெளியிட்ட ‘சாம்ப்’ வகைப் பெட்டி சுமார் 5 வாட்டே. அதையும் முழுதாகத் திருப்பினால் அடுக்குமாடிக் குடியிருப்பு தாங்காது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது அவ்விதிகளின்படி பத்து மணிமுதல் காலை ஆறு வரை.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு உரக்க ஒலிக்கும்?” என்பதன்று, “மெல்ல ஒலிக்கும்போது எப்படியிருக்கும்?” என்பதே. பிளெட்சர், மன்சன் எனும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1933இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி தாழும்போது நம் செவிக்கு முதலில் நழுவுவன கீழ்ச்சுரங்கள். கடைக்காரர் பெருக்கிக் காட்டுகையில் கம்பீரமாக இருந்த பெட்டி, வீட்டில் தகரம்போல ஒலிப்பதன் காரணங்களுள் இஃதொன்று. இருவர் உரையாடும் அளவுக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்டபின்பே பணத்தை எண்ணுங்கள். ‘கெயின்’ என்றும் ‘மாஸ்டர்’ என்றும் இரு குமிழ்கள் தனித்தனியே இருத்தல் நலம். முன்னது நாதத்தின் தன்மையை முறுக்கேற்றும். பின்னது அறையில் கேட்கும் அளவை ஆளும்.

பழைய வால்வு ரேடியோவின் இனிமையை மறவாத பெரியோர் வால்வுப் பெட்டியையே விரும்பக்கூடும். அதன் இனிமை பெரும்பாலும் அதை உரக்க ஓட்டும்போதுதான் மலர்கின்றது. வீட்டில் அந்நிலையை எட்டுவதரிது. மேலும், மின்தொடர்பை நீக்கிய பின்னும் அதனுள் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கக்கூடும். ஆகையால் பழுதுபார்க்கத் தெரியாதவர் அதைத் திறக்கலாகாது. என் கருத்தில் டிரான்ஸிஸ்டர் அல்லது டிஜிட்டல் வகையே வீட்டுக்கு ஏற்றது. ‘பாஸ் கட்டானா மினி’ 7 வாட். சுவர்க்கடிகாரத்துக்கு இடும் சிறு பேட்டரி ஆறு போதும். யமாஹாவின் ‘டி.எச்.ஆர்.’ வரிசை 2011முதல் வீட்டில் வாசிப்போரை எண்ணியே செய்யப்படுவது. விலை சற்று மிகுதி. இடமிருப்பின் ஆறரை அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கர் உடையதைக் கொள்க. ஹெட்போன் செருகும் துளை இன்றியமையாதது. கம்பியில்லா புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுப் பிந்தி வந்து தாளத்தைக் கெடுக்கும், கம்பியுள்ளதே வேண்டும்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்ததைக் கேட்டோர், மின்விசையின் துணையால் கமகம் எவ்வளவு நீண்டு ஒலித்ததென்பதை அறிவர். கிட்டாரிலும் அது இயலும். ஆனால் வீணைக்கோ வயலினுக்கோ இதே பெட்டியைப் பயன்படுத்தலாமென்று கருதற்க. மின்கிட்டாரின் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணொலிகளைப் பெரிதும் விழுங்கிவிடும். அவற்றுக்கு ‘அக்கூஸ்டிக்’ வகை தனியே உண்டு.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணரும் பெட்டியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. பின்புறத்தில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. 120 மட்டும் என்றிருந்தால், அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இன்றிச் செருகவேண்டா. நண்பர் ஒருவர் வீட்டில் செருகிய நொடியில் புகை கிளம்பிற்று. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடுவோரும் உளர். கிட்டாரின் கம்பிகள் பெரும்பாலும் அந்த எர்த்துடன் இணைந்தவை. பெட்டியில் கோளாறு நேர்ந்தால் மின்சாரம் வாசிப்பவன் விரல்களில் பாயும். பழைய கட்டடங்களில் குடியிருப்போர் எர்த் சரியாக உள்ளதா என எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்தல் நன்று.

பெரிய பெட்டியை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஆறரை அங்குலச் சிறு பெட்டி ஒன்று வாங்கினோம். மீதியில் ஹெட்போனும் ஆயிற்று. சென்ற பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் கொணர்ந்த அம்மூதாட்டி, “பையன் இப்போதெல்லாம் வாசிப்பதில்லையா?” என்று கேட்டார். உள்ளறையில் அவன் வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.