லினக்ஸ் கணிப்பொறிக்குத் திரை மென்பொருளை விலைக்கு வாங்க வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற கணிப்பொறிகள் நம் அங்கத்தினர் வீடுகளில் பல உண்டு. அவற்றை பங்கார்க்காரரிடம் போட்டுவிடாமல் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாமா என்று ஔந்த், பாணேர் பகுதி அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். உடனே அடுத்த கேள்வி வருகிறது: "டிஸ்ப்ளே சர்வர் என்று ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கணுமாமே?"

பழைய லினக்ஸ் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அன்று அது நல்ல யோசனையாகவே இருந்தது. இன்று வீட்டுக் கணிப்பொறிக்கு அது வீண் செலவு. காரணத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

டிஸ்ப்ளே சர்வர் என்பது என்ன?

ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் ஒரு பேனல் இருக்கும். அவர் பட்டனை அழுத்துவார். பேனலில் விளக்குகள் எரியும். ஆனால் சிக்னல் கொடுக்கலாமா, கூடாதா என்று பார்ப்பது பேனல் அல்ல. அந்த வேலை ரிலே ரூமில் நடக்கிறது. அழுத்திய பட்டனை அங்கே தெரிவிப்பதும், அங்கிருந்து வரும் நிலையை விளக்காகக் காட்டுவதும் மட்டுமே பேனலின் பொறுப்பு.

டிஸ்ப்ளே சர்வரும் அப்படித்தான். விசைப்பலகையிலும் மவுஸிலும் நாம் செய்வதை நிரலுக்குச் சொல்கிறது. நிரல் வரையச் சொல்வதைத் திரையில் காட்டுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1984-ல் உருவான 'எக்ஸ் விண்டோ' அமைப்பு இந்த முறையில் அமைந்தது. நிரல் ஒரு கணிப்பொறியிலும் திரை வேறொரு கணிப்பொறியிலும் இருக்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

அன்று ஏன் காசு கொடுத்தார்கள்?

லினக்ஸுக்கு இலவசமாகக் கிடைத்தது 1992-ல் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86. தன்னார்வலர்கள் எழுதியது. திரைக் கார்டு செய்யும் கம்பெனிகள் பல, தங்கள் சிப் எப்படி இயங்குகிறது என்பதை வெளியே சொல்லவில்லை. எனவே புதிய கார்டு வாங்கியவர் அதற்கான டிரைவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொல்லை அதோடு முடியவில்லை. மானிட்டரின் அலைவரிசை எண்களை நாமே ஒரு கோப்பில் எழுத வேண்டும். தவறான எண் கொடுத்தால் அக்காலத்துக் குழாய் மானிட்டர் சில பழுதாகிவிடும் அபாயமும் இருந்தது.

இந்தக் குறையை நிரப்பவே ஸி கிராஃபிக்ஸ் கம்பெனியின் 'அக்ஸெலரேட்டட்-எக்ஸ்', மெட்ரோ லிங்க் கம்பெனியின் 'மெட்ரோ-எக்ஸ்' ஆகியவை விற்பனைக்கு வந்தன. கார்டு, மானிட்டர் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். படமும் வேகமாக வரும். 1990-களின் பிற்பகுதியில் ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் பெட்டியிலேயே மெட்ரோ-எக்ஸைச் சேர்த்து விற்றது.

இன்று என்ன மாறிவிட்டது?

இன்டெல் தன் சிப்புகளுக்கான டிரைவரைத் தானே எழுதி வெளிப்படையாகத் தருகிறது. ஏ.எம்.டி. 2007 முதல் சிப் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. மானிட்டரும் தன் அளவுகளைக் கேபிள் வழியே தானே தெரிவித்துவிடுகிறது. 2004-ல் எக்ஸ்ஃப்ரீ86-இன் உரிம விதி மாறியதால் பெரும்பாலோர் எக்ஸ்.ஆர்க் என்ற இலவச சர்வருக்கு மாறினார்கள். 2008-ல் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய முறை இப்போது அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. 2025-ல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ல் எக்ஸ்.ஆர்க் சர்வரே இல்லை. எக்ஸுக்கென எழுதிய நிரல்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இணைப்பு வழியே ஓடுகின்றன.

ஆகவே நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது சர்வரை அல்ல. நம் திரைச் சிப்புக்கு ஒத்துப்போகும் லினக்ஸை.

செய்ய வேண்டியவை

1. திரைச் சிப் இன்டெலா, ஏ.எம்.டி.யா, என்விடியாவா என்று முதலில் பாருங்கள். முதல் இரண்டும் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. என்விடியா தன் டிரைவரை இலவசமாகவே தருகிறது. ஆனால் பழைய சிப்புகளுக்குப் புதிய டிரைவர்கள் பொருந்தா. அவற்றுக்கு 'நுவோ' என்ற பொது டிரைவர் உண்டு. வேகம் சற்றுக் குறைவு.

2. லினக்ஸை ஒரு யு.எஸ்.பி. பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். திரை, ஒலி, வை-ஃபை மூன்றையும் சோதித்த பிறகே நிறுவுங்கள். அதற்கு முன் புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

3. கணிப்பொறி பழையது என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய முகப்பு போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள், பழைய ஹார்ட் டிஸ்கை மாற்றியதன் வேகம் உடனே தெரியும்.

எங்கே இன்னும் தேவைப்படும்?

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1991-ல் புனேயின் சி-டாக் நிறுவனம் பரம் 8000 சூப்பர் கணிப்பொறியை உருவாக்கியது. பாஷாணில் உள்ள ஐசர் கல்லூரியில் 2019 முதல் பரம் பிரம்மா இயங்குகிறது. இத்தகைய இயந்திரத்தில் கணக்குப் போடும் மாணவர் அதன் முன்னால் போய் உட்காருவதில்லை. கணக்கு அங்கே ஓட, வரைபடத்தைத் தன் மடிக்கணிப்பொறியில் பார்க்கலாம். அந்த மடிக்கணிப்பொறியில் விண்டோஸ் இருந்தால் அதற்கு ஓர் எக்ஸ் சர்வர் வேண்டும். எக்ஸீட், எக்ஸ்-வின்32 என்பவை இதற்கென விற்கப்படுபவை. வி.சி.எக்ஸ்.எஸ்.ஆர்.வி. இலவசம், மோபாஎக்ஸ்டெர்மிலும் இலவசப் பதிப்பு உண்டு. பிள்ளைகள் கேட்டால், கல்லூரியே உரிமம் வைத்திருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். பிறகு இலவசமானதை முயன்று பார்க்கட்டும். இரண்டும் சரிப்படாவிட்டால்தான் காசு.

தமிழ் எழுத்துகள்

திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிஸ்ப்ளே சர்வர்மேல் பழி போட வேண்டாம். எழுத்துரு இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். நோட்டோ தமிழ் போன்ற இலவச எழுத்துருவை நிறுவி, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்திய மொழிகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது.

ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்கவும், பேரப்பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழகவும் இத்தகைய ஒரு பழைய கணிப்பொறி தாராளமாகப் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு பென் டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான்.

— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், ஔந்த்