கொட்டேஷன் ஏன் ஸ்பேமில் விழுகிறது?

"கொட்டேஷன் அனுப்பி நாலு நாள் ஆச்சுங்க, பார்ட்டி மெயிலே வரலைங்கறாங்க." திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் புகார் அடிக்கடி வரும். மெயில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் எதிராளியின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். உடனே சப்ஜெக்ட்டை மாற்றுவார்கள், 'டிஸ்கவுன்ட்' என்ற வார்த்தையை எடுப்பார்கள், பிடிஎஃப் அளவைக் குறைப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "உங்க டொமைன் பாஸ்வேர்டு யார்கிட்டங்க இருக்கு?"

பாதிப் பேருக்குத் தெரியாது. வெப்சைட் செய்து கொடுத்த தம்பியிடம் இருக்கும். அவர் இப்போது வேறு ஊரில் இருப்பார். மெயில் சிக்கலைத் தீர்க்கும் இடம் அந்தப் பாஸ்வேர்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இமெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் இணைந்திருந்த காலம் அது. அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. தபால் கவரில் அனுப்புநர் முகவரியாக யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம் அல்லவா, அதே நிலைமைதான். உங்கள் கம்பெனிப் பெயரில், உங்கள் டொமைனோடு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வெளிநாட்டு பையருக்கு எவனோ ஒருவன் மெயில் போட முடியும். அதனால் இதை வெறும் ஸ்பேம் பிரச்சினையாக நான் பார்ப்பதில்லை. கப்பலேறிய சரக்கின் பணம் இதில் போகலாம்.

இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஏற்பாடுகள் வந்தன. முதலாவது எஸ்பிஎஃப். எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்குத்தான் அனுமதி என்று டிஎன்எஸ்ஸில், அதாவது அந்தப் பாஸ்வேர்டால் திறக்கும் டொமைனின் பொதுப் பதிவேட்டில், ஒரு வரி எழுதி வைப்பது. மெயில் வாங்கும் சர்வர் அதைப் படித்துப் பார்த்துக்கொள்ளும். எளிமையான விஷயம்தான், ஆனால் நான் பார்ப்பதில் அதிகம் கெட்டுக் கிடப்பதும் இதுதான். ஒரு கம்பெனியின் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தேன். பழைய ஹோஸ்டிங் போட்டுத் தந்த எஸ்பிஎஃப் வரி ஒன்று. கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறியபோது யாரோ சேர்த்த வரி இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் வாங்கும் சர்வர் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும், இரண்டுமே செல்லாது. பழைய ஹோஸ்டிங்கிலிருந்து மெயில் போவதே இல்லை என்பதால் அந்த வரியை அழித்தேன். வேலை அவ்வளவுதான்.

இரண்டாவது டீகிம். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்து வைத்திருந்ததை இணைத்து, 2007-இல் பொது விதிமுறையாக வந்தது. மெயில் கிளம்பும்போதே சர்வர் ஒரு ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போடும்; அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். வழியில் யாராவது மெயிலின் உள்ளடக்கத்தைத் திருத்தினால் கையெழுத்து பொருந்தாது. உங்கள் மெயிலை ஒருவர் தன் இன்னொரு முகவரிக்கு ஃபார்வர்டு ஆகும்படி வைத்திருந்தால் எஸ்பிஎஃப் பொதுவாகத் தோற்றுவிடும்; டீகிம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இதைப் போடும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சாவி மிக நீளமானது, காப்பி செய்யும்போது கடைசி எழுத்துகள் விட்டுப்போகும். வொர்க்ஸ்பேஸில் சாவியை டிஎன்எஸ்ஸில் போட்ட பிறகு, திரும்ப அட்மின் பக்கத்துக்கு வந்து 'ஸ்டார்ட் அதென்டிகேஷன்' பட்டனை அழுத்த வேண்டும். சாவி போட்டதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்கள் நிறைய.

மூன்றாவது டீமார்க், 2012-இல் வெளியானது. எஸ்பிஎஃப்பும் டீகிம்மும் சரிபார்க்கும் டொமைன், மெயிலைத் திறப்பவர் கண்ணில் படும் டொமைனாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதுவரை இல்லை. இரண்டில் ஒன்றாவது கண்ணில் படும் டொமைனோடு பொருந்த வேண்டும் என்கிறது டீமார்க். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் நீங்களே சொல்லலாம்: சும்மா விடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு. கூடவே, உங்கள் பெயரில் எந்தெந்தச் சர்வரிலிருந்து மெயில் வந்தது என்ற ரிப்போர்ட்டும் வரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ரிப்போர்ட்தான். 'சும்மா விடு' என்று வைத்துச் சில வாரம் ரிப்போர்ட்டைப் பாருங்கள். நீங்கள் மறந்தே போன இடங்களெல்லாம் தெரியும்: சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், பண்டிகை வாழ்த்து அனுப்பும் சேவை. ஒவ்வொன்றையும் அனுமதிக்குள் கொண்டுவந்த பிறகு 'ஸ்பேமில் போடு', அப்புறம் 'திருப்பி அனுப்பு' என்று இறுக்கலாம். பலர் முதல் படியிலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். அப்படி நிற்பதால் மோசடிக்காரனுக்கு ஒரு தடையும் இல்லை.

வெப்சைட்டின் என்கொயரி ஃபாரத்தையும் பார்த்துவிடுங்கள். பல ஃபாரங்கள், நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு மெயில் அனுப்புகின்றன. யாஹூ 2014-லிருந்தே தன் டீமார்க்கில் 'திருப்பி அனுப்பு' என்று வைத்திருக்கிறது. அதனால் யாஹூ முகவரி கொடுத்த பையரின் விசாரணை உங்களை வந்தடையாமலே போகும். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியும், 'ரிப்ளை டு' இடத்தில் பையரின் முகவரியும் இருக்கட்டும்.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இந்த ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும். "நாங்க அவ்வளவு அனுப்பறதில்லைங்களே" என்பவர்களுக்கும் எஸ்பிஎஃப், டீகிம் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். 2025 மே முதல் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புபவர்களிடம் மூன்றையும் கேட்கிறது.

சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஆபீஸ் முகவரியிலிருந்து ஒரு மெயில் போடுங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மேலே உள்ள கட்டத்தில் மூன்றுக்கும் 'பாஸ்' என்று வர வேண்டும்.

மூன்றும் பாஸ் ஆனாலும், விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு மெயில் தட்டிக்கொண்டிருந்தால் ஸ்பேம்தான். மெயில் பெறுபவர்கள் ஸ்பேம் என்று குறிக்கும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். உங்கள் டொமைனில் ஓர் எழுத்தை மாற்றிப் புதிதாக ஒன்றைப் பதிவு செய்து ஏமாற்றுபவனையும் இவை தடுக்காது. வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளும்படி பையரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பெயரைக் காப்பாற்ற வாங்கி, மெயிலே அனுப்பாமல் வைத்திருக்கும் டொமைன்களும் இருக்கும். அவற்றில் யாருக்கும் அனுமதி இல்லை என்று ஒரு எஸ்பிஎஃப் வரியும், 'திருப்பி அனுப்பு' என்று ஒரு டீமார்க் வரியும் இன்றைக்கே போட்டுவிடலாம். அங்கே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.