சூடேறும் சுவிட்சு

இரவில் ஓடும் ஊர்திக்கு விளக்கே கண். நடந்து செல்பவன் வழி இருண்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். ஊர்தியோ அவ்வாறு நிற்க இயலாது. மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரே நொடியில் 22 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அந்த ஒரு நொடியில் விளக்கு அணைந்தால் நேரக்கூடிய தீங்கு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அமெரிக்க நாட்டில் உழவரும் தொழில் செய்வோரும் 'பிக்கப்' எனப்படும் சிறு சரக்கு வண்டிகளை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் பல இன்றும் அங்கு ஓடுகின்றன. அவற்றில் காணப்படும் பழுதுகளுள் ஒன்று, முகப்பு விளக்குகளின் சுவிட்சு அளவுக்கு மீறிச் சூடேறுதல். விளக்கேற்றிச் சிறிது தொலைவு சென்றதும் சுவிட்சின் குமிழைத் தொட இயலாது; பின்னர் விளக்குகள் அணைவதும் எரிவதுமாக இருக்கும். இதன் காரணத்தையும், இதனை நீக்கும் வழியையும் காண்போம்.

அவ்வண்டிகள் பலவற்றில் சுவிட்சு, ஓட்டுநருக்கு எதிரேயுள்ள கருவிப் பலகையில் அமைந்திருக்கும். குமிழைச் சிறிது இழுத்தால் ஓரத்திலும் பின்புறத்திலும் உள்ள சிறு விளக்குகள் எரியும். முழுவதும் இழுத்தால் முகப்பு விளக்குகளும் எரியும். குமிழைத் திருகினால் கருவிப் பலகை விளக்குகளின் ஒளி கூடும் அல்லது குறையும். இதற்கெனச் சுவிட்சிலேயே ஒரு கம்பிச் சுருள் உண்டு. முகப்பு விளக்குகளுக்குரிய மின்னோட்டம் முழுவதும் இச்சுவிட்சின் வழியாகவே செல்லும். விளக்கு ஒன்றுக்கு 60 வாட்டு எனக் கொண்டால், இரண்டிற்கும் 120 வாட்டு ஆகும். பேட்டரி 12 வோல்ட்டு உடையதாயின், மின்னோட்டம் 10 ஆம்பியர் ஆகும். ஏனைய சிறு விளக்குகளுக்கு உரியது இதற்கு மேலும் உண்டு.

மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் தடையின் அளவையும், மின்னோட்டத்தின் இருமடியையும் பொறுத்தது என்று ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இதன் பொருள். புதிய சுவிட்சின் தொடுமுனைகள் தூய்மையாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் அவற்றின் தடை மிகச் சிறிது. நாளடைவில் அவை தேய்ந்து கறுக்கின்றன. அவற்றை அழுத்தும் வில்லும் தளர்கின்றது. தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்காக உயர்ந்தாலும், 10 ஆம்பியர் ஓடும்போது அவ்விடத்தில் 10 வாட்டு வெப்பம் தோன்றும். கட்டைவிரல் நுனியளவான இடத்தில் இது பெருவெப்பமேயாகும். வெப்பத்தால் முனை மேலும் கறுக்கும். கறுத்தலால் தடை கூடும். தடையால் வெப்பம் மீண்டும் பெருகும். சிறு நோயை அசட்டை செய்தால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது போன்றது இது.

அப்படியாயின் விளக்குகள் அணைந்து எரிவது ஏன்? அத்தகைய சுவிட்சுகளில் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று காவலாக வைக்கப்பட்டிருக்கும். சூடேறினால் அது வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். ஆறினால் மீண்டும் இணைக்கும். எனவே, விளக்கு விட்டு விட்டு எரிவது அக்காவலன் விடுக்கும் எச்சரிக்கை எனலாம்.

பழுதைத் தேடுவோர் முதலில் குமிழைத் திருகிக் கருவிப் பலகை விளக்குகளை முழு ஒளியில் வைத்தல் வேண்டும். ஒளியைக் குறைத்து வைத்திருக்கும்போது கம்பிச் சுருள் சற்றே சூடேறுவது இயல்பு, அது பழுதன்று. முழு ஒளியில் வைத்த பின்னும் சூடு குறையவில்லையெனில், குற்றம் முகப்பு விளக்குகளின் மின்வழியில் இருத்தல் கூடும். அடுத்து, விளக்குகள் எரியும்போதே, சுவிட்சுக்குள் மின்சாரம் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் வோல்ட்டுமானியின் கம்பிகளை வைத்து அளத்தல் வேண்டும். நல்ல சுவிட்சு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கையே விழுங்கும். அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கினால் உள்முனைகள் கெட்டுவிட்டன எனத் துணியலாம். கூடுதல் விளக்குகளோ, மிகுந்த வாட்டு உடைய விளக்குகளோ பின்னர் பொருத்தப்பட்டனவா என்பதையும் ஆராய்தல் நன்று.

பின்னர்ப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டே சுவிட்சை வெளியே எடுத்தல் வேண்டும். அதன் பின்புறம் செருகப்பட்டுள்ள இணைப்பானை உற்று நோக்குக. அது பழுப்பேறியோ உருகியோ இருப்பினும், கம்பியின் காப்புறை கருகி இறுகியிருப்பினும், சுவிட்சை மட்டும் மாற்றுவது பயன் தராது. கெட்ட இணைப்பான் புதிய சுவிட்சையும் கெடுத்துவிடும்; இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும்.

நிலையான தீர்வு ஒன்றும் உண்டு. அஃது ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சைப் பொருத்துவதாகும். பேட்டரியிலிருந்து உருகி வழியாக வரும் பெரிய மின்னோட்டம் ரிலேயின் வழியே விளக்குகளுக்குச் செல்லும். பழைய சுவிட்சு அந்த ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தாங்கினால் போதும். அது கால் ஆம்பியருக்கும் குறைவானதே. இதனால் சுவிட்சின் சுமை குறைகின்றது. விளக்குகளுக்குச் செல்லும் வழியில் வீணாகும் மின்னழுத்தமும் குறைவதால் அவற்றின் ஒளியும் மிகுகின்றது.

விளக்கு அணைவதைத் தடுக்க எண்ணிச் சிலர் காவல் தகட்டை நீக்கி நேரே இணைத்துவிடுவர். சிலர் மிகப் பெரிய உருகியை இடுவர். இவை தீமையை மறைக்குமேயன்றி நீக்கமாட்டா. காவலனை அகற்றிய வீட்டில் கள்வன் அஞ்சாது நுழைவான். அவ்வாறே, தடுப்பார் இன்மையால் வெப்பம் பெருகிக் கம்பியின் காப்புறையைக் கொளுத்தி, வண்டியையே எரித்துவிடவும் கூடும்.

வெப்பம் நமக்குப் பகையன்று. குற்றம் இருக்குமிடத்தைக் காட்டும் தூதன் அது. தூதன் சொல்லைக் கேட்டுக் காரணத்தைக் களைபவன் இருளிலும் இடரின்றிச் செல்வான். தூதன் வாயை அடைப்பவன் நடுவழியில் இருளில் நிற்பான்.