கணினிக் கருவை அமைக்கும் முறை

கணினியைக் கையாள்வோர் பலர்; அதனுள்ளே தொழிற்படுவது யாதென அறிந்தோர் மிகச் சிலர். திரையில் எழுத்துத் தோன்றுவதும், விசையை அழுத்தியவுடன் பொறி விடையிறுப்பதும், பல செய்நிரல்கள் ஒன்றோடொன்று முட்டாது ஒருங்கே ஓடுவதும் பணிசெயல் முறைமை என்னும் மென்பொருளின் செயலாகும். அம்முறைமையின் நடுவண் நின்று, முறைவழியாக்கியோடும் நினைவகத்தோடும் ஏனைய உறுப்புகளோடும் நேரே உரையாடும் பகுதியை ஆங்கிலேயர் கேர்னல் என்பர். படைத்துறைப் பதவியாகிய கேணல் வேறு, இது வேறு. வித்தினுள் இருக்கும் பருப்பே அச்சொல்லின் பொருள். வித்தை மூடிய ஓடும் உமியும் போலப் பிற செய்நிரல்கள் புறத்தே நிற்க, இஃது அகத்தே நிற்றலின் இப்பெயர் பெற்றது. இக்கட்டுரையில் யாம் இதனைக் கரு என்றே வழங்குவோம்.

தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என வினவுவாரும் உளர். உள்ளங்கையளவான சிறு கணினிப் பலகையொன்றை வைத்துக்கொண்டு முயலும் மேல்வகுப்பு மாணவர் சிலர், தாம் செய்வதற்குத் தமிழில் பெயர் வேண்டுமென்று எம்மை அணுகினர். பெயரிட வேண்டுமாயின் பொருளை அறிதல் வேண்டுமன்றோ? அறியப் புகுந்தபோது, இலக்கணம் கற்றவனுக்கு இஃது அத்துணை அயலான துறையன்று என்பதைக் கண்டோம். ஆதலின் கணிதமோ பொறியியலோ கல்லாத பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு, லினக்ஸ் என்னும் கருவை ஒரு குறித்த முறைவழியாக்கிக்கு ஏற்ப அமைக்கும் முறையை ஈண்டு எழுதுகின்றோம்.

1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆம் தேதி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், தாம் ஒரு பணிசெயல் முறைமை எழுதி வருவதாக அறிவித்தார். அஃது இன்ரெல் நிறுவனத்தின் 386 என்னும் முறைவழியாக்கிக்காக மட்டுமே எழுதப்பட்டது. பிற பொறிகளுக்கு எடுத்துச் செல்லத் தக்கதன்று என்று அவரே கூறியிருந்தார். காலம் அவர் கூற்றை மாற்றியது. 1995இல் வெளிவந்த 1.2ஆம் பதிப்பு அல்பா, ஸ்பார்க், மிப்ஸ் என்னும் வேற்றுக் கட்டமைப்புகளிலும் இயங்கத் தொடங்கிற்று. இன்று அதன் மூலநிரலில் ஏறத்தாழ 20 கட்டமைப்புகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. மிக விந்தையானது யாதெனில், எந்த 386க்காக அஃது எழுதப்பட்டதோ, அந்த 386க்கான ஆதரவு 2013இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. பிறந்த வீட்டில் இப்போது அதற்கு இடமில்லை.

கட்டமைப்பு என்றது யாது? ஒவ்வொரு முறைவழியாக்கிக் குடும்பத்துக்கும் தனியான அறிவுறுத்தல் மொழியொன்று உண்டு. மேசைக் கணினிகள் பெரும்பாலனவற்றில் இன்ரெல் வழிவந்த மொழி வழங்குகின்றது. கைத்தொலைபேசிகளிலும் சிறு பலகைகளிலும் பெரும்பாலும் வழங்குவது ஆர்ம் மொழி. பின்னையது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகோண் நிறுவனத்தைச் சேர்ந்த சோபி வில்சன், ஸ்டீவ் பேர்பர் என்னும் இருவரால் வகுக்கப்பட்டு, 1985இல் முதன்முதல் சில்லாக உருப்பெற்றது. ஒன்றன் மொழி மற்றொன்றற்கு விளங்காது. எனினும் கருவின் பெரும்பகுதி சீ என்னும் பொதுமொழியில் எழுதப்பட்டுள்ளமையால், தொகுப்பான் என்னும் செய்நிரல் அதனை வேண்டிய மொழிக்குப் பெயர்த்துவிடும். சீ மொழியில் அடங்காத நுட்பங்களை மட்டும், அதாவது நினைவகத்தைப் பகுத்தல், இடையீடு வந்துழி எதிர்கொள்ளல், ஒரு பணியினின்றும் மற்றொரு பணிக்கு மாறுதல் முதலியவற்றை, ஒவ்வொரு கட்டமைப்புக்கும் வேறு வேறாக எழுதுதல் வேண்டும். புணர்ச்சியில் நிலைமொழி ஒன்றேயாயினும் வருமொழியின் முதலெழுத்தை நோக்கி ஈறு திரிவதை மாணவர் அறிவர். கருவும் அவ்வாறே. நடுப்பகுதி எங்கும் ஒன்றே. முறைவழியாக்கியோடு புணரும் விளிம்பே திரிவது.

கருவை அமைத்தல் என்பது, தொகுப்பதற்கு முன்னே அதனிடம் வினாக்களுக்கு விடை கூறுதலாகும். வினாக்களோ பதினாயிரத்துக்கும் மேற்பட்டன. பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகளே உள: கருவினுள்ளேயே சேர்க்க, வேண்டும்பொழுது ஏற்றிக்கொள்ளத்தக்க தனிக்கூறாக்குக, விடுக்க. முதலிற் கூறும் விடை கட்டமைப்பைப் பற்றியது. அதனைக் கூறியவுடன் பிற கட்டமைப்புகளுக்கே உரிய வினாக்கள் மறைந்துபோகும், இதற்குரியன தோன்றும். ஒரு தெரிவு மற்றொன்றைச் சார்ந்து நிற்பதும், ஒன்று மற்றொன்றைத் தானே இழுத்து வருவதும் விதிகளாக எழுதப்பட்டுள்ளன. பதினாயிரம் வினாக்களுக்கும் ஒருவர் இருந்து விடை கூறவேண்டுவதில்லை. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் முன்னோர் வகுத்துவைத்த இயல்பு விடைத்தொகுதி ஒன்று உண்டு. அதனை எடுத்துக்கொண்டு வேண்டிய சிலவற்றை மட்டும் மாற்றுதலே அறிஞர் வழக்கம். தொடக்கத்திலிருந்து தாமே விடை கூறப் புகுவார் பெரும்பாலும் இயங்காத கருவையே பெறுவர்.

எடுத்துக்காட்டாக றாஸ்பெரி பை என்னும் பலகையின் மூன்றாம் வகையைக் கொள்வோம். இது 2016இல் வெளிவந்தது. கோற்றெக்ஸ் ஏ53 என்னும் ஆர்ம் முறைவழியாக்கி நான்கு மையங்களோடு இதிலுண்டு. நினைவகம் 1 கிகாபைற். ஏ53 ஆனது 64 பிற் மொழியும் பழைய 32 பிற் மொழியும் ஒருங்கே அறிந்தது. 64 பிற் ஆர்ம் கட்டமைப்பு லினக்ஸில் 3.7ஆம் பதிப்பில், 2012 டிசம்பரில் இடம்பெற்றது.

இப்பலகைக்குக் கருவை அமைக்கும்பொழுது கருதத்தக்க வினாக்களுள் தலையாயது பக்க அளவு. நினைவகத்தைக் கரு பைற் பைற்றாக ஆள்வதில்லை. பக்கம் பக்கமாகவே ஆள்கின்றது. 64 பிற் ஆர்ம் கட்டமைப்பில் பக்கம் 4, 16, 64 கிலோபைற் என்னும் மூன்றளவுகளுள் ஒன்றாயிருக்கலாம். கொப்பியில் ஒவ்வொரு கடிதத்தையும் புதுப்பக்கத்திலேயே தொடங்க வேண்டுமென்று விதித்தால், சிறிய பக்கமாயின் தாள் வீணாகாது. ஆனால் எந்தக் கடிதம் எப்பக்கத்தில் உள்ளதென்று குறிக்கும் அட்டவணை நீளும். பெரிய பக்கமாயின் அட்டவணை குறுகும், தாள் வீணாகும். 1 கிகாபைற் நினைவகம் 4 கிலோபைற் பக்கங்களாயின் 2,62,144 பக்கங்கள். 64 கிலோபைற் பக்கங்களாயின் 16,384 மட்டுமே. பக்கமொன்றுக்கு 64 பைற் குறிப்பு வைப்பதாகக் கொண்டால், முன்னையதில் குறிப்புக்கே 16 மெகாபைற் செலவாகும். பின்னையதில் 1 மெகாபைற் போதும். ஆயினும் பதினாயிரம் சிறு கோப்புகளை நினைவகத்தில் வைக்க முன்னையதில் ஏறத்தாழ 40 மெகாபைற் போதியதாயிருக்க, பின்னையதில் 640 மெகாபைற் வேண்டும். 1 கிகாபைற்றே உடைய பலகைக்கு எது தகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அவ்வாறாயின் நடுவழியாகிய 16 கிலோபைற்றைக் கொள்ளலாமே எனின், அங்கேதான் குறித்த முறைவழியாக்கியை அறியவேண்டிய இன்றியமையாமை தோன்றுகின்றது. கட்டமைப்பு மூன்றளவுகளையும் அனுமதிப்பினும், ஏ53 என்னும் முறைவழியாக்கி 4, 64 என்னும் இரண்டையே அறியும், 16ஐ அறியாது. 2023இல் வந்த ஐந்தாம் வகைப் பலகையிலுள்ள ஏ76 மூன்றனையும் அறியும். அதற்கென வெளியிடப்பட்ட கருவோ 16 கிலோபைற் பக்கத்தையே இயல்பாகக் கொண்டது. அக்கருவை எடுத்து மூன்றாம் வகைப் பலகையில் இட்டால் நிகழ்வது யாது? கரு விழித்தவுடன் இப்பக்க அளவு முறைவழியாக்கிக்கு இயலுமா என வினவும். இயலாதென அறிந்தவுடன் ஒரு சொல்லும் கூறாது அவ்விடத்திலேயே உறங்கிவிடும். திரை கருமையாகவே இருக்கும். பிழைச்செய்தி எழுதுதற்குக்கூட நினைவகம் ஒழுங்குபட்டிருத்தல் வேண்டுமாகலின், அதற்குப் பேச வாயில்லை. பலகை பழுதென்று அதனை எறிந்துவிடுவாரும் இருத்தல் கூடும். இன்னுமொன்று: பழைய 32 பிற் செய்நிரல்களை ஓட்டும் தெரிவு 4 கிலோபைற் பக்கத்தோடுதான் இயல்பாகத் தோன்றும். வேறளவு கொண்டால், யாம் வல்லுநர் என்று அமைப்புக்கு அறிவித்தாலன்றி அது கண்ணுக்கே படாது.

அடுத்து நோக்கத்தக்கது, உள்ளே சேர்ப்பதா தனிக்கூறாக்குவதா என்னும் வினா. தனிக்கூறுகள் நினைவகத்தை மிச்சப்படுத்துவன. எனவே யாவற்றையும் தனிக்கூறாக்குவதே நன்றெனத் தோன்றும். ஆனால் அக்கூறுகள் இருப்பது நினைவட்டையில். அட்டையைப் படிக்கும் சாதன இயக்கியும், அதிலுள்ள கோப்பு முறைமையை அறியும் பகுதியும் தனிக்கூறுகளாகி அவ்வட்டையிலேயே கிடந்தால், கரு அவற்றை எங்ஙனம் எடுக்கும்? பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டியவன் நிலையே அதன் நிலையாகும். வேர்க்கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்று கூறிக் கரு நின்றுவிடும். ஆதலின் இவ்விரண்டையும் கருவினுள்ளேயே சேர்த்தல் வேண்டும். அன்றேல் கருவோடு உடன் ஏற்றப்படும் தொடக்கச் சிறுதொகுதியொன்றில் அவற்றை வைத்தல் வேண்டும். கற்போர்க்கு முன்னையதே எளிது. ஒலி, வானொலி வழி வலையமைப்பு, ஒளிப்படக்கருவி முதலியவை தனிக்கூறுகளாயிருக்கத் தடையில்லை.

மேசைக் கணினிகளில் எவ்வெவ்வுறுப்புகள் உள என்பதைப் பொறியே ஓரளவு எடுத்துரைக்கும். ஆர்ம் பலகைகளோ பெரும்பாலும் ஊமைகள். எந்த முகவரியில் எந்த உறுப்பு உளது என்று பிறர் கூறினாலன்றிக் கரு அறியாது. முன்னாளில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிரற்கோப்பைக் கருவினுள்ளேயே எழுதி வந்தனர். பலகைகள் பெருகப் பெருக அக்கோப்புகளும் பெருகின. 2011இல் டோர்வால்ட்ஸ் இச்சீர்கேட்டைக் குறித்துக் கடுஞ்சொற்களாற் பலரறியச் சினந்துரைத்தார். அவர் சினம் நன்மையே பயந்தது. அதன்பின் சாதன மரம் என்னும் முறை ஆர்ம் உலகில் நிலைபெற்றது. பலகையின் உறுப்புகளை விரித்துரைக்கும் தனிக்கோப்பு ஒன்றைத் தொடக்கி மென்பொருள் நினைவகத்தில் வைத்து, அதன் முகவரியைப் பதிவகம் ஒன்றில் இட்டுக் கருவின் கையிற் கொடுக்கும். கரு ஒன்றே பல பலகைகளில் இயங்குதல் இதனாலேயே கூடிற்று. கருவைச் செவ்வனே அமைத்தும் சாதன மரத்தை மாற்றிக் கொடுத்தால் பயனில்லை என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

முறைவழியாக்கிகளுக்கும் பிழை உண்டென்பது பலர் அறியாதது. சில்லில் பொறிக்கப்பட்ட பிழையை அழித்தெழுத இயலாது. ஏ53இன் சில பதிப்புகளில், 4 கிலோபைற் பகுதியொன்றின் இறுதியை ஒட்டி ஒருவகை முகவரி அறிவுறுத்தல் அமைந்து, அதனைத் தொடர்ந்து குறித்த வரிசையில் வேறு சில வருமாயின், முறைவழியாக்கி தவறான முகவரியைத் தொட்டுவிடக்கூடும். 843419 என்பது அப்பிழையின் எண். கருவின் அமைப்பில் இத்தகைய பிழைகளுக்கென்றே ஒரு பட்டியல் உளது. குறித்த எண்ணைத் தெரிந்தால், அவ்வறிவுறுத்தல் அவ்விடத்தில் அமையாதவாறு தொகுக்கும்பொழுதே வழி செய்யப்படும். வேறு சில பிழைகளுக்குக் கரு விழிக்கும்பொழுது முறைவழியாக்கியின் அடையாளத்தைப் படித்துத் தன் அறிவுறுத்தல்களைத் தானே திருத்திக்கொள்கின்றது. நினைவகத்தை மிச்சம்பிடிக்கும் ஆர்வத்தால் இப்பட்டியலை அணைப்பது பேதைமை. ஆண்டுக்கொருமுறை காரணமின்றி நின்றுபோகும் பொறியின் நோயைக் கண்டறிதல் வல்லுநர்க்கும் அரிது.

பைற் வரிசை என்றொரு தெரிவும் உண்டு. யாம் இருபத்தொன்று என்று பெருந்தொகையை முற்கூறுகின்றோம். செருமானியர் ஒன்றும் இருபதும் என்று சிறுதொகையை முற்கூறுவர். முறைவழியாக்கிகளிலும் இவ்விரு சாரார் உளர். சுவிப்ட் என்பார் 1726இல் எழுதிய கலிவரின் பயணக்கதையில், முட்டையை எம்முனையில் உடைப்பது என்று போரிட்டவர்களின் பெயரையே, டானி கோகன் என்னும் அறிஞர் 1980இல் இவ்விரு சாரார்க்கும் சூட்டினார். ஆர்ம் இரண்டையும் ஏற்கும். சிறுமுனை வழக்கையே கொள்க. மற்றதற்கு ஆயத்தமான செய்நிரல்கள் கிடைத்தல் அரிது.

இவ்வளவும் எதற்கு, ஆயத்தமாகக் கிடைப்பதை இட்டுக்கொண்டால் போதாதோ எனின், பெரும்பாலோர்க்குப் போதும். ஆனால் கட்டமைப்புகளும் இறப்பன. 2018இல் 4.17ஆம் பதிப்பினின்றும் எட்டுக் கட்டமைப்புகள் ஒருங்கே நீக்கப்பட்டன. பெருஞ்செலவில் ஆக்கப்பட்ட இற்றேனியம் 2024இல் 6.7ஆம் பதிப்போடு நீங்கிற்று. பேணுவார் இல்லாமையே பெரும்பாலும் காரணம். பாடசாலைகளுக்குக் கொடையாக வரும் பழைய கணினிகளை, புதிய மென்பொருள் ஏற்காதென்று மூலையில் அடுக்கிவிடுகின்றோம். அவற்றுட் பலவற்றுக்குத் தக்க கருவை அமைத்தால் இன்னும் சில்லாண்டு பயன்படும். அமைப்பாரை இங்கே ஆக்கிக்கொள்ளாவிடின், எப்பொறி எத்துணைக் காலம் வாழும் என்பதைப் பிறரே முடிவு செய்வர். பழைய மாணவர் சங்கத்தார் புதுப்பொறிகளுக்குப் பொருள் திரட்டுவதோடு, இதற்கும் ஒரு வகுப்பு நடத்த இடந்தருதல் நன்றென்பது எம் கருத்து.

முயல்வோர்க்குச் சில குறிப்புகள். சிறு பலகையிலேயே கருவைத் தொகுத்தால் பல மணிநேரம் செல்லும். வலிய மேசைக் கணினியில் குறுக்குத் தொகுப்பானை நிறுவி, அங்கே தொகுத்து அட்டைக்கு மாற்றுக. ஒவ்வொரு தொகுப்பின் முன்னும் அமைப்புக் கோப்பைப் படியெடுத்து நாளிட்டு வைக்க. இயங்கும் பழைய கருவை ஒருபொழுதும் அழியாது வேறு பெயரில் அட்டையிலேயே விடுக; புதியது உறங்கிவிட்டால் மேசைக் கணினியில் அட்டையைச் செருகி, தொடக்கக் கோப்பில் ஒரு வரியை மாற்றினாற் போதும். ஒருகால் ஒரு தெரிவையே மாற்றுக. இறுதியாக, பதிப்பெண்ணின் பின்னே தாம் விரும்பும் குறியொன்றைச் சேர்க்க அமைப்பில் ஓர் இடம் உளது. அதில் வகுப்பின் பெயரையோ நாளையோ இடுக. பலகை விழித்தபின் கருவின் பெயரை வினவும்பொழுது அக்குறி திரையில் தோன்றுமாயின், ஓடுவது தாம் அமைத்த கருவே, பழையதன்று என்பது உறுதியாகும்.