கழிவுத் தேயிலைக்கு ஒரு பூட்டு

இரத்தோட்டைக்கு மேலே, கம்மடுவைப் பக்கம் ஒரு தேயிலை இஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தொழிலில் மிஞ்சுவதை எறியாமல் இன்னொரு தொழிலுக்கு மூலப்பொருளாக்கும் 'சுழற்சிப் பொருளாதாரம்' பற்றி இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். கொம்பனிகள் ஏன் தயங்குகின்றன என்று கேட்டால், விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

கழிவுத் தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். சலித்துத் தரம் பிரித்த பின் காம்பும் நாரும் பஞ்சுத் தூசும் மிஞ்சும். அதிலிருந்து கெஃபீன் எடுக்கலாம். மக்க வைத்தால் நல்ல பசளை. ஆனாலும் எந்த இஸ்டோரும் அதைத் தாராளமாக வெளியே விடாது. அதே தூசுக்குச் சாயம் ஏற்றி, நல்ல தேயிலையோடு கலந்து விற்கிற கூட்டம் என்றைக்கும் உண்டு. அதனால்தான் 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கழிவையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. இந்தியாவிலும் இதற்கென்றே 1959இல் ஒரு கட்டளை போட்டார்கள்.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கலப்படக்காரனுக்குப் போட்ட அந்தப் பூட்டு, மரக்கறித் தோட்டத்துக்குப் பத்து மூட்டை கேட்டு வருகிறவனையும் வெளியே நிறுத்திவிடுகிறது என்பதுதான் சங்கடம். அவன் அனுமதிக்காக அலைவானா? மானேஜருக்கும் பயம். லொறி கேட்டைத் தாண்டிய பிறகு மூட்டை எங்கே போகிறதோ, யாருக்குத் தெரியும்? சாணமோ சுண்ணாம்போ கலந்து, குடிக்க உதவாதபடி ஆக்கிக் கொடுக்கலாம். அந்தக் கூலியை யார் தருவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

கிளிரிசீடியாவின் கதை வேறு. எங்கள் பக்கம் மிளகுக்கொடி படர்வது அந்த மரத்தில்தான். 2005இல் அரசாங்கம் கிளிரிசீடியாவை நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கொடிக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் கிளையை வெட்டியே ஆக வேண்டும். இலை மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீனி, தடி விறகு. ஒரு கிலோ தேயிலை காய்ந்து வர ஒரு கிலோவுக்கு மேல் விறகு போகிறது. எண்ணெய் விலை ஏற ஏற இஸ்டோர்கள் தாமாகவே தடியைத் தேடி வந்தன; யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் ஈரத் தடி புகையும், சூடு ஏறாது. நாங்கள் கொட்டில் ஒன்று போட்டு, காய்ந்த தடிக்குக் கூடுதல் விலை என்று சொன்ன பிறகுதான் வரத்து சீரானது.

கட்டளையால் என்ன நடக்கும் என்பதை 2021இல் பார்த்தோம். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, இனிச் சேதனப் பசளைதான் என்றார்கள்; நவம்பரில் தடையை விலக்கினார்கள். மக்குவதற்கே மாதக்கணக்கு வேண்டும். மக்கியதிலும் தேயிலை கேட்கிற அளவு தழைச்சத்து இல்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு சேதனப் பசளை என்றாலே தோட்டத்தில் முகம் சுளிக்கிறார்கள். பாவம், அந்தப் பசளை செய்த குற்றம் ஒன்றுமில்லை.

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1992இல் தோட்டங்களைக் கொம்பனிகள் பொறுப்பேற்றன. கொம்பனிக் கணக்கு வருஷக் கணக்கு. மண் பலன் காட்ட மூன்று நான்கு வருஷம் ஆகும். அதற்குள் மானேஜர் மாற்றலாகிவிடுவார். புதிதாக வருகிறவர் இஸ்டோருக்குப் பின்னால் மக்க வைத்திருக்கிற குவியலைப் பார்த்ததும், "என்ன இது குப்பை, அள்ளிக் கொட்டுங்கள்" என்பார்.